எந்தப் பக்கம்னு சொல்லாதீங்க

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் எழுதிய எதையும் அவள் தொட மாட்டாள். யாராவது மறதியாகப் பல் அச்சின் அடியில் நோயாளியின் பெயரை எழுதிக் கொண்டுவந்து வைத்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மேடம், பேரைச் சுரண்டிட்டு நம்பரு போட்டுக் குடுங்க. நான் இன்னும் பாக்கல" என்பாள். பார்த்திருந்தால் பார்த்துவிட்டேன் என்றும் சொல்லிவிடுவாள். அதுதான் அவளோடு பெரிய பேஜாரு.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருந்த ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நான் மேற்படிப்பு படித்தேன். கோணல் பல்லுக்குக் கிளிப்பு போட்டு நேராக்குகிற பிரிவு. அவள் அங்கே பிளாஸ்டர் ரூமில் வேலை பார்த்தாள். நோயாளியின் வாயில் நாங்கள் அச்சு எடுத்துக் கொடுப்போம். அவள் அதில் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்து, ஓரம் தேய்த்து, பல்வரிசையை அப்படியே மஞ்சள் கல்லில் செய்து தருவாள். கண்டமங்கலம் பக்கத்து ஊர்க்காரி. காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாருடனோ சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் நடந்து வருவாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனால் அவள் என்னை மேடம் என்பாள், நான் அவளை வா, போ என்பேன். அங்கே வழக்கம் அப்படி. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பிளாஸ்டர் ரூமில் நின்றபடி ஒரு பல் அச்சை வெர்னியர் என்கிற இடுக்கி அளவுகோலால் அளந்துகொண்டிருந்தேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஜீரோ பாத்தீங்களா மேடம்?"

"என்ன ஜீரோ?"

"வெர்னியரு வாயை மூடுங்க. கோடு ஜீரோவுல நிக்குதா பாருங்க."

மூடிப் பார்த்தேன். நிற்கவில்லை. காலையிலிருந்து நான் அளந்த அத்தனையும் தப்பு. பட்டம் வாங்கிய பல் டாக்டர் நான், மாவு கரைக்கிறவள் எனக்குச் சொல்கிறாளே என்று மூக்கு சிவந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவள் விழுப்புரம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் மோட்டார் சாமான்களை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலையில் இருந்திருக்கிறாள்.

"அதை ஏன் விட்டே?" என்று கேட்டேன்.

"சூப்பர்வைசரு ஒவ்வொரு பெட்டி வரும்போதும் இது வெளிநாட்டுக்குப் போறது நல்லாப் பாரு, இது லோக்கலு சும்மாப் பாருன்னு சொல்லிக்கினே இருப்பாரு. அப்படிச் சொன்னா கை கோணிக்கும் மேடம். எங்கே போறதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க சார்னேன். அவரு நாளையிலருந்து நீ வராதேன்னுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேலை போனதைப் பற்றி அவ்வளவு தெம்பாகப் பேசுகிறவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் புரிந்துகொள்ள முடியாது. கிளிப்பு போட்டுப் பல்லை நகர்த்துவது மெதுவான வேலை. பல் போகிற திசையில் எலும்பு கரைய வேண்டும், விட்டு வந்த இடத்தில் எலும்பு வளர வேண்டும். அவசரப்படுத்தினால் வேர் கெடும். இதை எப்படி வேகப்படுத்துவது என்றுதான் உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பல்லுக்குப் பக்கத்தில் ஈறு வழியாக எலும்பில் மூன்று சின்னத் துளை போட்டால், உடம்பு அந்தக் காயத்தை ஆற்ற ஓடிவரும், அந்தச் சமயத்தில் எலும்பு இளகும், பல் சீக்கிரம் நகரும் என்பது ஒரு வழி. நகரும் என்று சிலர் எழுதினார்கள், அப்படி ஒன்றும் இல்லை என்று சிலர் எழுதினார்கள். நான் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் துளை, மறுபக்கம் துளை இல்லை. எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, அந்தச் சீட்டை உறையில் போட்டு ஒட்டிவைத்தோம். இரண்டு பக்கமும் கோரைப்பல்லை ஒரே மாதிரி ஸ்பிரிங்கால் பின்னால் இழுக்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை அச்சு எடுத்து, பல் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும்.

துளை போட்டவள் நான். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அளக்கக் கூடாது, தெரியாத ஒருவர்தான் அளக்க வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒப்புக்கொண்டு இரண்டே நாளில் கழன்றுகொண்டாள். பேராசிரியரிடம் போய், பிளாஸ்டர் ரூமில் இருக்கிறவளை வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒரே அச்சுகளை எண் மாற்றி இரண்டு நாள் அவளிடம் அளக்கக் கொடுத்தார். இரண்டு நாளும் அவள் எழுதிய அளவுகள் ஒன்றாகவே இருந்தன. "உன்னைவிட இந்தப் பொண்ணு தேவலாம்" என்றார்.

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அளவைப் பற்றியது இல்லை.

"துளை போட்டா வலிக்குமா மேடம்?"

"மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம். அப்புறம் ரெண்டு நாள் லேசா வலிக்கும்."

"அப்ப அதுனால பிரயோஜனம் இருக்கா இல்லையான்னு நல்லாத் தெரியணும். ஆளுங்களை வலிக்க வச்சிட்டு சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. எங்கிட்ட எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெர்னியரை மெல்லிய துணியால் துடைப்பாள். வாயை மூடி ஜீரோ பார்ப்பாள். இடது பக்கத்தை அளக்கும்போது வலது பக்கத்தைக் கைக்குட்டையால் மூடிவிடுவாள், ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு ஆசை வரக் கூடாதாம். நோட்டில் போன மாத அளவு கண்ணில் படாமல் பக்கத்தை மடித்துக் கிளிப் போடுவாள். நோட்டு வாங்கிய அன்றே எல்லாப் பக்கத்துக்கும் தன் கையால் எண் போட்டுவைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "நடுவுல ஒண்ணு காணாமப் போனாத் தெரியுமில்ல" என்றாள். என் தோழிகள் வேண்டுமென்றே கேன்டீனில் அவள் காதருகே வந்து, "இடது பக்கம், இடது பக்கம்" என்று பாடுவார்கள். அவள் வடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சிரித்துக்கொண்டேதான் பொத்துவாள், ஆனால் அவர்கள் போகும்வரை கையை எடுக்க மாட்டாள்.

இப்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குச் சொந்தமாகக் கிளினிக் இருக்கிறது. மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி பையோடு வருவார். வாயில் கடித்துக்கொண்டால் அதிர்கிற கருவி, ஈறில் வெளிச்சம் அடிக்கிற கருவி, எல்லாமே பல்லைப் பாதி நாளில் நகர்த்திவிடும் என்பார்கள். போன வாரம் வந்தவரிடம் கேட்டேன்.

"இதை யாரு அளந்தது?"

"பெரிய பெரிய டாக்டருங்க மேடம்."

"அளந்தவங்களுக்கு எந்தப் பக்கம்னு தெரியுமா?"

அவர் தன் வண்ணத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. என்னை இப்படிக் கேட்கவைத்தவள் அவள்தான். அதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவள் அம்மா கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிறவர். சொந்த நிலம் ஒரு அடி கிடையாது. பிடுங்கி ஆய்ந்து முடித்ததும் அந்தப் பெண்களுக்குக் கூலியாக மொத்தமாக ஒரு குவியல் மல்லாட்டை கொடுப்பார்களாம். அதை அவர்களே ஆளுக்கொரு கூறாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பார்த்துப் பிரித்தாலும் ஒரு கூறு பெரிசாகத்தான் வரும். அதனால் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு ஆள் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்க, பார்க்காமல் நிற்கிற ஆள் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் பேச்சே கிடையாது.

"நான்தான் எப்பவும் திரும்பி நிப்பேன். ஒருவாட்டி பெரிய கூறைத் தொட்டப்ப எங்கம்மா லேசா இருமிச்சு மேடம்."

"நீ என்ன சொன்னே?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வேற ஆளை நிக்க வைங்கன்னு சொல்லிட்டு நவுந்துட்டேன். எங்கம்மா ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல."

"அம்மா பாவம்தானே?"

"பாவந்தான். அங்க நின்னுக்கினு இருந்தவங்க அத்தினி பேரும் பாவந்தான் மேடம்."

இதையெல்லாம் கேட்ட பிறகும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மூன்றாவது மாதம். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வருவாள், ஒரு நாள்கூடத் தவறாத நோயாளி. அன்றைக்கு அவள் வாயைத் திறந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. துளை போட்ட இடது பக்கத்தில் கோரைப்பல் வெகுதூரம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதுவரைக்கும் என் கண்ணுக்கு ஒன்றும் பெரிதாக நடந்திருக்கவில்லை. உருப்படியாக ஏதாவது வந்தால்தான் கருத்தரங்கில் பேசலாம், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நான் தவித்துக்கொண்டிருந்த நேரம். அச்சு எடுத்த கையோடு பிளாஸ்டர் ரூமுக்கு ஓடினேன். அவள் ரப்பர்க் கிண்ணத்தில் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, துளை போட்ட இடது பக்கம் எப்படி ஓடி வந்திருக்குன்னு!"

அவள் கை நின்றுவிட்டது. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கிண்ணத்தையே பார்த்தாள்.

"ஏன் மேடம் சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் இருமிவிட்டேன். சரி போகட்டும், தெரியாத மாதிரி அளந்துவிடு, ஒரே ஒரு ஆள்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியுமே. இந்த நம்பரை இனிமே நான் அளக்க மாட்டேன்."

கெஞ்சினேன். ஒரு ஆள் குறைந்தால் கல்லூரிக் குழு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை வராது, ஆராய்ச்சியே நின்றுபோகும், தேர்வு தள்ளிப்போகும் என்று சொன்னேன். அவள் அசையவில்லை. கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. "மாவு கரைக்கிற வேலைக்கு வந்துட்டு எனக்கு ஆராய்ச்சி கத்துக்குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன். கிண்ணத்தில் மாவு இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. அவள் அதை அமுக்கிப் பெயர்த்துத் தொட்டியில் போட்டுவிட்டு, புதிதாக மாவு எடுத்துக் கலக்கி, நான் கொண்டுபோன அச்சில் ஊற்றினாள். அது அவள் வேலை, அதைச் செய்தாள்.

காய்ந்ததும் அந்த அச்சை நானே எடுத்துப்போய் அளந்தேன். ஜீரோவெல்லாம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இடது பக்கம் பிரமாதமாக நகர்ந்திருந்தது. அந்த அளவை நோட்டில் எழுதிவிடலாம் என்று மறுநாள் திறந்தால், அந்த எண்ணுக்கு நேராக அவள் பேனாவால் தமிழில் எழுதிவைத்திருந்தாள்: எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

பக்கத்தைக் கிழிக்கலாம் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இருக்கிறது. படுபாவி என்று வாய்விட்டே திட்டினேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டர் ரூமுக்குப் போனேன்.

"இதை அடிச்சிடு."

"நான் எழுதினதை நான் அடிக்க மாட்டேன் மேடம். வேணும்னா நீங்க அடிங்க." காதோரம் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். "அடிச்சிட்டுப் பக்கத்துல உங்க கையெழுத்து போட்ருங்க. கம்பெனியில அப்படித்தான். யாரு அடிக்கிறாங்களோ அவங்க கையெழுத்து இருக்கணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. விதி இது என்று சொன்னாள், அவ்வளவுதான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேசையில் காயவைத்திருந்த அச்சுகளில் பாதியை அவள் தேய்த்து முடிக்கிற வரைக்கும் நின்றேன். அந்த இரண்டு சொல்லின் மேல் கோடு போடுவது சுலபம். பக்கத்தில் என் பெயரை எழுதத்தான் கை வரவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டோடு பேராசிரியரிடம் போனேன். எந்தப் பக்கம் என்பதை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த அச்சை வாங்கி, எந்தப் பக்கம் என்று கேட்காமல், தானே ஒருமுறை அளந்தார். பிறகு என் அளவை வாங்கிப் பார்த்தார். வலது பக்கம் அவர் அளவும் என் அளவும் ஒன்றுதான். இடது பக்கம் என் அளவு அவருடையதைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது.

"பொய் எழுதினியா?"

"இல்ல சார். சத்தியமா அப்படித்தான் தெரிஞ்சுது."

"அதுதான் பயம்" என்றார். "அளக்கிறவரை நடுவில் மாற்ற முடியாது. இந்த நோயாளிக்கு வைத்தியத்தை ஒழுங்கா முடிச்சுக் குடு, கணக்கிலிருந்து விலக்கிடு. அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரைச் சேர்த்து முதல்லயிருந்து ஆரம்பி."

புதிய ஆள் கிடைத்து, துளை போட்டு, மாதாமாதம் அளந்து முடிப்பதற்குள் என் வகுப்பு தேர்வு எழுதிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் ஆறு மாதம் பின்தங்கினேன். "ஒரு பல்லுக்காகவாம்மா ஆறு மாசம்?" என்று அப்பா போனில் கேட்டார். விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அவள் மேல் கோபம் இருந்தது. என் மேல் அதைவிட அதிகமாக இருந்தது.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான், நானும் கேட்கவில்லை. பேசாமலே வேலை நடந்தது. ஒரு நாள் மத்தியானம் தூக்குவாளி நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தாள். மேசையைத் துடைத்து, செய்தித்தாளை விரித்து, அதில் இரண்டு கூறாகக் கொட்டினாள்.

"திரும்பி நில்லுங்க மேடம்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"இது யாருக்கு?"

"உனக்கு" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் நான் சொன்னது பெரிய கூறு. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு பேச்சுக்குக்கூட எனக்கு இரண்டு எடுத்து வைக்காமல் முழுவதையும் தின்று தீர்த்தாள். "அன்னிக்கு உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். "ஆமாங்க மேடம், பேசியிருக்கக் கூடாது" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எல்லா அளவும் முடிந்து பேராசிரியர் அந்த உறைகளைப் பிரித்ததும், யாருக்கு எந்தப் பக்கம் துளை என்று சேர்த்துப் பார்த்தோம். முடிவை அவளிடம் சொல்ல ஓடினேன். தூரத்திலேயே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பரிச்சை முடியட்டும் மேடம். வெளியிலருந்து வர்றவரு மறுபடியும் அளந்து காட்டுன்னு சொன்னா நான்தானே அளக்கணும்?"

வாய்மொழித் தேர்வு நாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் விரலை வைத்தார். அப்போதுதான் அவள் அச்சுகளைத் தட்டில் ஏந்தி உள்ளே வந்து, ஓரத்து மேசையில் எண்வரிசைப்படி அடுக்கத் தொடங்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். முடிவைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் போய்விட வேண்டுமென்று கை வேகமாக ஓடியது.

"ஒருத்தரை விலக்கியிருக்கீங்களே, ஏன்? பாதியில வராம நின்னுட்டாங்களா?"

"இல்ல சார். ஒழுங்கா வந்தாங்க. அளந்தவங்களுக்கு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு சார்."

ஆய்வேட்டிலும் அப்படித்தான் இருந்தது. தெரிய வந்ததால் விலக்கப்பட்டது என்று யார் தலையிலும் விழாத ஆங்கிலத்தில் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன்.

"அளந்தது யாரு?"

பேராசிரியர் ஓரத்து மேசையைக் காட்டினார். தேர்வாளர் அவள் முதுகையும் அவள் கையில் இருந்த தட்டையும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அதானே பாத்தேன். இவங்க உள்ள புகுந்து விசாரிச்சிருப்பாங்க."

நான் சும்மா இருந்திருந்தால் போதும். அது அவள் தப்பாகவே முடிந்திருக்கும். அவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"அவங்க கேக்கல சார். கேட்டதே இல்ல. நான்தான் சொன்னேன். இடது பக்கம் நல்லா வரணும்னு எனக்கு ஆசை, அதனால வாய் தவறிச் சொல்லிட்டேன். அவங்கதான் இனிமே அளக்க மாட்டேன்னு நோட்டுல எழுதி வச்சாங்க. அதை அடிக்கச் சொல்லி மிரட்டினதும் நான்தான்."

கடைசி அச்சைக் கையில் வைத்தபடி அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். அத்தனை மாதமாக அவள் அளந்த அச்சுகளை எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். பிறகு அந்த அச்சை அதன் இடத்தில் வைத்தாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, முடிவைச் சொல்லுங்க. துளை போட்ட பக்கம் சீக்கிரம் வந்துதா?"

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "அவங்க வெளியே போகட்டும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார்."